உரமும் உயிரும்: தெற்கு ஜொகூர் செம்பனை மண்ணின் தாங்குதிறன்

2015ஆம் ஆண்டில் மலேசியச் செம்பனைத் தோட்டங்கள் ஹெக்டருக்குச் சராசரியாக 18.48 டன் குலை வெட்டின. மறு ஆண்டில் அது 15.91 டன்னாக இறங்கியது. நாட்டின் கச்சா பாமாயில் உற்பத்தி 19.96 மில்லியன் டன்னிலிருந்து 17.32 மில்லியன் டன்னாகச் சுருங்கியது. 2015இல் தொடங்கி 2016இன் முற்பகுதிவரை நீடித்த எல் நினோ வறட்சியே இதற்கு முதன்மைக் காரணம். ஆனால் வறட்சி முடிந்து மழை திரும்பிய பிறகும் குலை குறைந்துகொண்டேதான் இருந்தது.

செம்பனையின் உடலமைப்பை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஒரு பூங்கொத்து ஆணாகுமா, பெண்ணாகுமா என்பது அது குலையாகிப் பழுப்பதற்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. அந்த நேரத்தில் வேர் தண்ணீருக்குத் தவித்தால் ஆண் பூங்கொத்துகள் பெருகும். குலை தரும் பெண் பூங்கொத்துகள் குறையும். அதைத் தாண்டி வந்த இளம் பூங்கொத்துகளும் அறுவடைக்குச் சுமார் பத்து மாதங்களுக்கு முன் வறட்சி தாக்கினால் கருகி உதிர்ந்துவிடும். மரம் அன்று பச்சையாகவே நிற்கும். அதன் இழப்பு ஆலையின் எடைமேடையில் தெரிவதற்குள் ஓராண்டோ ஈராண்டோ ஓடிவிடும்.

எனவே வறண்ட வாரங்களில் வேரடியில் என்ன நடக்கிறது என்பதே ஒரு தோட்டத்தின் வருமானத்தைத் தீர்மானிக்கிறது. அங்கே இரண்டு செய்திகள் முக்கியம்: மண்ணில் உள்ள சத்து, மண்ணில் உள்ள நுண்ணுயிர். இவ்விரண்டையும் தனித்தனிச் சரக்காகப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. சத்து மூட்டையில் வரும், நுண்ணுயிர் புட்டியில் வரும் என்று எண்ணுகிறோம். தெற்கு ஜொகூரின் உலு திராமைச் சுற்றியுள்ள மண்ணின் வரலாற்றையும் அதன் மேல் நடந்த ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்தால் இந்தப் பிரிவினை தவறு என்பது புலப்படும். சத்தைப் பயிருக்குக் கிடைக்கச் செய்வது நுண்ணுயிர். நுண்ணுயிரை வாழவைப்பது சத்தும் மட்கும். ஒன்றைக் கைவிட்டு மற்றொன்றைக் கொட்டினால் பணம்தான் கரையும்.

மழை நாட்டில் வறட்சி

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் அமைந்த ஊர் உலு திராம். ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கும் கூடுதலாக மழை பெறும் பகுதி. இங்கே வறட்சியைப் பற்றிப் பேசுவது மிகை என்று தோன்றலாம். கணக்கு வேறு கதை சொல்கிறது. வெயில் நாளில் வளர்ந்த செம்பனைத் தோப்பு நாளொன்றுக்கு 4 முதல் 5 மில்லிமீட்டர் நீரை ஆவியாக்குகிறது. மூன்று வாரம் மழை நின்றால் சுமார் 100 மில்லிமீட்டர் நீரை மண் தன் சேமிப்பிலிருந்து கொடுத்தாக வேண்டும். ஆண்டு நீர்ப்பற்றாக்குறை 100 மில்லிமீட்டர் கூடினால் விளைச்சல் ஏறத்தாழ 10 சதவீதம் குறையும் என்பது செம்பனை வேளாண்மையில் பரவலாக ஏற்கப்பட்ட கணிப்பு.

அந்தச் சேமிப்பு இங்கே எவ்வளவு இருக்கிறது? தெற்கு ஜொகூரின் மேட்டு நிலங்களில் இரண்டு வகை மண் பெரும்பங்கு வகிக்கின்றன. கருங்கல் சிதைந்து உருவான ரெங்கம் வகை ஒன்று. ஜொகூரின் ரெங்கம் ஊரின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. ஆறுகள் பழங்காலத்தில் கொண்டுவந்து குவித்த மணல் கலந்த படிவிலிருந்து உருவான ஹரிமாவ் வகை மற்றொன்று. இரண்டுமே பல்லாயிரம் ஆண்டு மழையில் ஊறிக் கழுவப்பட்டவை. கால்சியமும் மக்னீசியமும் சாம்பல்சத்தும் பெருமளவு போய்விட, இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் சத்தைப் பிடித்துவைக்கும் திறன் குறைந்த கயோலினைட் களியும் மிஞ்சியுள்ளன. அமிலகாரநிலை பெரும்பாலும் 4க்கும் 5க்கும் இடையில்.

இந்த அமில நிலையில் இரண்டு தொல்லைகள் சேர்ந்து வருகின்றன. மண்ணீரில் கரையும் அலுமினியம் வேர் நுனியைத் தாக்கி, வேர் ஆழமாக இறங்குவதைத் தடுக்கிறது. இடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் இறுகப் பற்றிக்கொள்கின்றன. வேர் மேல்மண்ணிலேயே தங்கிவிட்டால் கீழே ஈரம் இருந்தும் மரத்துக்குப் பயனில்லை. மழை மிகுந்த உலு திராமில் செம்பனை தாகத்தில் தவிப்பதற்கு வானத்தைப் போலவே மண்ணின் வேதியியலும் காரணம்.

தேய்ந்த மண்ணின் வரலாறு

இந்த மண் இயல்பிலேயே ஏழை. மனிதர்கள் அதை மேலும் ஏழையாக்கிய வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் ஜொகூர் ஆட்சியாளர் தெமெங்கோங் இப்ராஹிம் காலத்தில் சீனர்கள் ஆற்றோரங்களில் குடியேறிக் காம்பியரும் மிளகும் பயிரிட்டார்கள். உலு திராமுக்கு அருகிலுள்ள தெப்ராவ் ஆற்றங்கரையில் 1844இல் உருவான குடியிருப்பு அவற்றுள் முன்னோடி. காம்பியர் இலையைக் கொதிக்க வைத்துச் சாறெடுத்த பின் மிஞ்சிய சக்கையை மிளகுக் கொடிகளுக்கு உரமாக இட்டார்கள். கழிவைச் சத்தாக்கும் நல்ல அறிவு அது. ஆனால் மிளகுக்குப் போன சத்து காம்பியர் நிலத்துக்குத் திரும்பவில்லை. கொதிகலன்களுக்கு விறகாகக் காடும் அழிந்தது. பதினைந்து, இருபது ஆண்டுகளில் நிலம் தேய்ந்துபோக, உழவர்கள் அதைக் கைவிட்டு அடுத்த காட்டுக்கு நகர்ந்தார்கள்.

பின்னர் ரப்பர் வந்தது. நம்மவர்கள் தமிழ்நாட்டிலிருந்து அழைத்துவரப்பட்டு லயத்து வீடுகளில் குடியேறினார்கள். தொடக்ககால ரப்பர்த் தோட்டங்களில் தரையில் ஒரு புல்லும் இருக்கக்கூடாது என்பது நிர்வாகங்களின் கொள்கை. பால்மரங்களுக்கிடையே ஆளிறக்கிப் புல்லைச் செதுக்கித் தரையை வெறுமையாக்கினார்கள். சரிவுகளில் மழை நேராக விழுந்து மேல்மண்ணை அரித்துச் சென்றது. காடு பல நூற்றாண்டுகளில் சேர்த்த மட்கும் அதில் வாழ்ந்த உயிர்களும் ஆறுகளில் சேறாகக் கலந்தன. இந்தச் சேதம் கண்கூடான பிறகே, 1925இல் தொடங்கப்பட்ட மலாயா ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் தோட்டத் துறையும் மூடுபயிர்களின் பக்கம் திரும்பின. பியூரேரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசீமா ஆகிய அவரைக் குடும்பத்துக் கொடிகள் பால்மரங்களுக்கிடையே படரத் தொடங்கின.

1961இல் கூலாய்க்கு அருகே தைப் அண்டாக்கில் அரசு நில மேம்பாட்டு வாரியமான ஃபெல்டா தன் முதல் செம்பனைத் திட்டத்தைத் தொடங்கியது. ரப்பர் நிலங்கள் ஒவ்வொன்றாகச் செம்பனைக்கு மாறின. இன்று உலு திராமில் நிற்கும் செம்பனைகளில் பல, காம்பியரும் ரப்பரும் உறிஞ்சிய மண்ணிலேயே வேர்விட்டிருக்கின்றன.

குலையோடு போகும் சத்து

செம்பனை பெருந்தீனிக்காரப் பயிர். 1967இல் இங் சியூ கீ, தம்பு ஆகிய இருவரும் மலாயாச் செம்பனையின் சத்துக் கணக்கை விரிவாக வெளியிட்டார்கள். ஹெக்டருக்கு 25 டன் குலை வெட்டினால் அதனுடன் சுமார் 73 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன்), 12 கிலோ மணிச்சத்து (பாஸ்பரஸ்), 93 கிலோ சாம்பல்சத்து (பொட்டாசியம்), 21 கிலோ மக்னீசியம் தோட்டத்தை விட்டு வெளியேறுகின்றன என்பது அந்த வரிசை ஆய்வுகளிலிருந்து நாம் பெற்ற கணக்கு. ஏழை மண்ணால் இதை ஈடுசெய்ய முடியாது. உரம் வேண்டாம், நுண்ணுயிரே போதும் என்று சொல்வோர் இந்த எண்களை எதிர்கொள்ள வேண்டும். காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடிக்கும் உயிர் உண்டு. சாம்பல்சத்தையும் மக்னீசியத்தையும் இல்லாத இடத்திலிருந்து படைக்கும் உயிர் எதுவும் இல்லை.

சூழல் நெருக்கடியில் இந்தச் சத்துகளின் பங்கு வளர்ச்சிக்கு உதவுவதோடு நிற்பதில்லை. இலைத்துளைகளைத் திறந்து மூடும் காவல் செல்களை இயக்குவது சாம்பல்சத்து. அது குறைந்த மரத்தால் வறட்சியில் துளைகளை உரிய நேரத்தில் மூட முடிவதில்லை. இருக்கும் நீரையும் இழக்கிறது. இலை ஆக்கிய சர்க்கரையைக் குலைக்கும் வேருக்கும் கடத்தவும் சாம்பல்சத்து தேவை. மக்னீசியம் குறைந்தாலும் சர்க்கரை இலையிலேயே தேங்கும். கடும் வெயில் அத்தகைய இலையை எளிதில் வெளிறச் செய்து கருக்கும். மணிச்சத்து வேரின் கிளைப்புக்கும் செல்லின் ஆற்றல் பரிமாற்றத்துக்கும் அடிப்படை. தழைச்சத்தோ இருமுனைக் கத்தி: குறைந்தால் மரம் மஞ்சளாகும், சாம்பல்சத்து இல்லாமல் அது மட்டும் மிகுந்தால் இலைப்பரப்பு பெருகி நீர்த் தேவை கூடும்.

தோட்டங்கள் இதை இலைச் சோதனையால் கண்காணிக்கின்றன. ஜொகூர் கார்ப்பரேஷனைச் சேர்ந்த கூலிம் (மலேசியா) நிறுவனத்தின் மைய ஆய்வுக்கூடம் உலு திராமில்தான் இயங்கிவந்திருக்கிறது. வளர்ந்த மரத்தில் 17ஆவது மட்டையிலிருந்து இலை எடுத்துச் சோதிப்பது வழக்கம். முதிர்ந்த மரங்களில் தழைச்சத்து 2.5 சதவீதத்துக்கும் மணிச்சத்து 0.15 சதவீதத்துக்கும் சாம்பல்சத்து 1 சதவீதத்துக்கும் கீழே போகக்கூடாது என்பது பொதுவாகக் கொள்ளும் அளவுகோல். இது அரிய கருவி. ஆனால் இந்த எண், மரம் எவ்வளவு உண்டது என்பதைக் காட்டுமே தவிர, அடுத்த வறட்சியில் அது உண்ணும் திறனோடு இருக்குமா என்பதைக் காட்டாது. அந்தத் திறன் வேரைச் சுற்றியுள்ள சில மில்லிமீட்டர் மண்ணில் உறைகிறது.

வேர்த்தூவி இல்லாத மரத்தின் துணைவன்

பெரும்பாலான பயிர்களின் வேர் நுனிக்குச் சற்றுப் பின்னே மெல்லிய தூவிகள் உண்டு. நீரையும் சத்தையும் உறிஞ்சுபவை அவைதாம். செம்பனை வேர்களில் இந்தத் தூவிகள் கிடையாது. நான்கு நிலைகளாகக் கிளைத்து, கடைசிக் கிளையான மெல்லிய வேர்களால் அது மண்ணைத் துழாவுகிறது. மணிச்சத்து மண்ணில் மிக மெதுவாகவே நகரும். வேரைச் சுற்றி ஓரிரு மில்லிமீட்டர் வட்டத்தில் இருந்ததை உண்டு முடித்ததும் அங்கே ஒரு வெற்றிடம் உருவாகும்.

இந்த இடத்தில்தான் வேர்ப்பூசணம் எனப்படும் மைக்கோரைசா உதவிக்கு வருகிறது. வேரின் உள்ளே கிளைத்து வாழும் இந்தப் பூசணம், வேரைவிடப் பல மடங்கு மெல்லிய இழைகளை மண்ணுக்குள் பல சென்டிமீட்டர் தூரம் பரப்புகிறது. வேர் நுழைய முடியாத நுண்துளைகளில் இழை நுழைந்து மணிச்சத்தையும் துத்தநாகத்தையும் ஓரளவு நீரையும் கொண்டுவருகிறது. கைம்மாறாக மரம் தான் ஆக்கிய சர்க்கரையில் ஒரு பங்கைத் தருகிறது. தாவரங்கள் நீரைவிட்டு நிலத்துக்கு வந்த காலத்திலிருந்து, 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக, இந்தக் கொடுக்கல் வாங்கல் நடந்துவருவதைப் பாறைப் புதைபடிவங்கள் காட்டுகின்றன.

செம்பனைக்கும் கொக்கோவுக்கும் வேர்ப்பூசணத்தோடு உள்ள உறவை பி. நடராஜா என்ற ஆய்வாளர் ஆராய்ந்து 1980இல் வெளியிட்டார். பத்தாண்டுக்குப் பின், 1990இல், பிளால் முதலிய பிரெஞ்சு ஆய்வாளர்கள் அமில மண்ணில் வளர்த்த திசுவளர்ப்புச் செம்பனைக் கன்றுகளைக் கொண்டு, வேர்ப்பூசணம் உள்ள கன்று இட்ட மணிச்சத்தைப் பல மடங்கு திறமையாகப் பயன்படுத்துகிறது என்று காட்டினார்கள். எளிதில் கரையாத பாறைப் பாஸ்பேட்டும் அந்தக் கன்றுகளுக்கு நல்ல உணவாயிற்று.

வறட்சியில் இந்த உறவின் மதிப்பு கூடுகிறது. மண் காயக் காய மணிச்சத்தின் நகர்வு இன்னும் மந்தமாகும். அப்போது இழைகளின் நீட்சியே கைகொடுக்கும். அந்த இழைகளும் அவை விட்டுச்செல்லும் பசைப் பொருள்களும் மண்துகள்களைச் சிறு உருண்டைகளாகக் கட்டுகின்றன. உருண்டை கட்டிய மண்ணில் மழை உள்ளே இறங்கும், நீர் தங்கும், காற்றும் உலவும்.

வேர்ப்பூசணத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. கரையும் மணிச்சத்து உரத்தை மிகுதியாகக் கொட்டினால் மரம் பூசணத்துக்குச் சர்க்கரை தருவதைக் குறைத்துக்கொள்ளும், உறவு தளரும். மலேசியத் தோட்டங்களில் நெடுங்காலமாகப் புழங்கிவரும் கிறிஸ்துமஸ் தீவுப் பாறைப் பாஸ்பேட், அமில மண்ணில் மெல்லக் கரைவதால், இந்த உறவைப் பெரிதாகக் குலைப்பதில்லை. உரத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நாம் நுண்ணுயிரின் வாழ்வையும் சேர்த்தே தேர்ந்தெடுக்கிறோம்.

கொடியின் முடிச்சில் தழைச்சத்து

மூடுபயிர்க் கொடிகளின் வேர்முடிச்சுகளில் வாழும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடிக்குத் தருகிறது. முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்தச் சிவப்பு, ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி பாக்டீரியாவை வேலைசெய்ய விடும் நிறமி. வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு வேலை செய்யவில்லை. ஆய்வுக்கூடம் இல்லாமல் தோட்டத் தொழிலாளி எவரும் செய்யக்கூடிய சோதனை இது.

பி. அகமுத்து என்ற ஆய்வாளர், புரோட்டனுடன் இணைந்து இளஞ்செம்பனைத் தோட்டத்தில் மூடுபயிரின் சத்துச் சுழற்சியை அளந்து 1985இல் வெளியிட்டார். அவரை மூடுபயிர்கள் ஆண்டுக்கு ஹெக்டருக்குச் சராசரியாக 150 கிலோ தழைச்சத்தைப் பிடித்தன. மேலே சொன்ன 25 டன் குலையோடு வெளியேறும் தழைச்சத்தைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு இது. மரங்கள் வளர்ந்து நிழல் மூடியதும் கொடிகள் மடிந்து அந்தச் சத்தை மட்காக மண்ணில் விடுகின்றன. கொடிப் போர்வை இருக்கும்வரை மழைத்துளி மண்ணை நேரடியாக அடிப்பதில்லை, தரையின் வெப்பம் கட்டுக்குள் இருக்கும், ஈரமும் நிற்கும்.

இந்தக் கதையில் தென்னிந்தியாவுக்கும் பங்குண்டு. வடகிழக்கு இந்தியாவின் காட்டுக் கொடியான முக்குனா பிராக்டியாட்டாவைக் கேரள ரப்பர்த் தோட்டங்கள் மூடுபயிராக்கியிருந்தன. அங்கிருந்து 1991இல் கோல்டன் ஹோப் நிறுவனம் அதை மலேசியாவுக்குக் கொண்டுவந்தது. ஆழமான வேரும் வறட்சியையும் நிழலையும் தாங்கும் தன்மையும் அதன் சிறப்பு. மலேசியத் தாழ்நிலங்களில் அது போதிய விதை பிடிப்பதில்லை; விதை இந்தியாவிலிருந்து வருகிறது.

மூடுபயிரும் தானாக வேலை செய்வதில்லை. நைட்ரஜனைப் பிடிக்க மணிச்சத்தும் மாலிப்டினமும் வேண்டும். கடும் அமில மண்ணில் மாலிப்டினம் கிடைப்பது அரிது. அதனால்தான் கொடி விதைத்த கையோடு பாறைப் பாஸ்பேட் இடும் வழக்கம் தோட்டங்களில் நிலைத்தது. மாறாகத் தழைச்சத்து உரத்தை அள்ளி வீசினால் கொடி முடிச்சு போடுவதையே நிறுத்திக்கொள்ளும்.

வேரோரப் பாக்டீரியாக்கள்

முடிச்சுக்குள் புகாமல் வேரோரத்தில் வாழும் பாக்டீரியாக்களும் பல. அசோஸ்பைரில்லம், பேசிலஸ், சூடோமோனாஸ் ஆகியவை நன்கறியப்பட்டவை. நெருக்கடியில் அவை செய்யும் உதவிகளில் ஒன்று நுட்பமானது. வறட்சியோ வெள்ளமோ உவர்ப்போ தாக்கும்போது தாவரம் எத்திலீன் என்ற வாயு ஹார்மோனை மிகுதியாகச் சுரக்கும். அளவு மிஞ்சினால் அது வேர் வளர்ச்சியை நிறுத்தி இலையை முதிரச் செய்யும். எத்திலீன் உருவாவதற்கு முந்தைய நிலையில் உள்ள ஏசிசி என்ற பொருளைச் சில பாக்டீரியாக்கள் ஒரு நொதியால் உடைத்து, அதிலிருக்கும் நைட்ரஜனைத் தமக்கு உணவாக்கிக்கொள்கின்றன. எத்திலீன் குறைய, வேர் தொடர்ந்து வளர்கிறது. கனடாவின் பெர்னார்ட் கிளிக் 1990களில் இந்த இயக்கத்தை விளக்கியது இத்துறையில் ஒரு திருப்புமுனை.

சில பாக்டீரியாக்கள் பசைச் சர்க்கரையைச் சுரந்து வேரைச் சுற்றி ஈரப்படலம் அமைக்கின்றன; சில, வேர் கிளைக்கத் தூண்டும் ஆக்சின் தருகின்றன; சில, கரிம அமிலங்களால் பாறைப் பாஸ்பேட்டைக் கரைக்கின்றன. மலேசியப் புத்ரா பல்கலைக்கழகத்தில் சுல்கிப்லி ஷம்சுதீனும் அவர் குழுவினரும் அசோஸ்பைரில்லத்தையும் உள்நாட்டுப் பேசிலஸ் இனத்தையும் செம்பனைக் கன்றுகளில் செலுத்தி, காற்றிலிருந்து தழைச்சத்து பிடிபடுவதையும் வேர் பெருகுவதையும் ஆராய்ந்தார்கள். அடித்தண்டு அழுகல் நோயைத் தரும் கானோடெர்மா பூசணத்துக்கு எதிராக மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம், செம்பனைக்குள்ளேயே வாழும் ஹெண்டர்சோனியா என்ற பூசணத்தைக் கன்றுப் பருவத்திலும் நடவிலும் இடும் உயிர் உரமாக உருவாக்கியது. அழுகிய வேரால் நீரெடுக்க முடியாது. நோய் தாங்குவதும் வறட்சி தாங்குவதும் இங்கே ஒன்றோடொன்று பின்னியவை.

நுண்ணுயிர் எல்லாம் எப்போதும் நண்பர்கள் என்று நினைப்பதும் பிழை. 2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் பெருவெள்ளத்தில் மூழ்கியது. கோத்தா திங்கி கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மாநிலத்தில் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேறினார்கள். வெள்ளம் தேங்கிய மண்ணில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். அப்போது ஆக்சிஜன் இன்றி வாழும் பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சுவாசித்து வாயுவாக மாற்றிக் காற்றில் விடுகின்றன. பணம் கொடுத்து வாங்கிய தழைச்சத்து நைட்ரஜனாகவும், புவியைச் சூடாக்கும் நைட்ரஸ் ஆக்சைடாகவும் பறந்துவிடும். இங்கும் மண்ணின் அமைப்பே தீர்வு. நீரை விரைவாக உள்ளிழுத்து வடியவிடும் மண்ணில் இந்த மூச்சுத்திணறல் சீக்கிரம் தீரும். வறட்சிக்குக் காப்பாகும் மட்கே வெள்ளத்துக்கும் காப்பாகிறது.

உரம் விழ வேண்டிய இடம்

செம்பனைத் தோட்டத்தின் தரை ஒரே சீரானதன்று. மரத்தடியில் புல் நீக்கிய வட்டம் ஒன்று. குலை தூக்கிவரும் நடைபாதை இன்னொன்று. வெட்டிய மட்டைகளைப் போட்டுவைக்கும் மட்டை அடுக்கு மற்றொன்று. வட்டம் ஆண்டுக்கணக்காக மிதிபட்டும் களைக்கொல்லி தெளிக்கப்பட்டும் இறுகியது. அமோனியம் சல்பேட் போன்ற உரங்களை அங்கேயே தொடர்ந்து போட்டால் அமிலம் இன்னும் ஏறும். மட்டை அடுக்கின் கீழ்தான் மட்கு மிகுதி, மண் பொலபொலப்பு, மெல்லிய வேர்களின் செறிவு, நுண்ணுயிரின் பெருக்கம். வளர்ந்த மரங்களுக்கு உரத்தை அடுக்கின் மேலும் அதன் ஓரங்களிலும் பரவலாகத் தூவ வேண்டும் என்று வேளாண் வல்லுநர்கள் வலியுறுத்துவது இதனால்தான்.

இந்த வேலையைச் செய்தவர்கள் யார்? தோட்டப்புறத்தில் விடியுமுன் வருகைப் பதிவான பெரட்டுக்கு நின்று வெளிக்காட்டு வேலைக்குப் போன நம் பெண்கள். இடுப்பில் உரவாளியை அணைத்துக்கொண்டு மரத்துக்கு மரம் வீசிச் சென்ற கைகள் அவை. எத்தனை மூட்டை தீர்ந்தது என்பதே கணக்காயிற்று. உரம் எங்கே விழ வேண்டும், ஏன் என்று அவர்களுக்கு விளக்கிச் சொன்ன தோட்டங்கள் அரிது. இன்று அந்த வேலையில் பெரும்பாலும் வெளிநாட்டுத் தொழிலாளர்கள். வேளாண் வல்லுநரின் பரிந்துரை வீசும் கையின் வழியாகத்தான் மண்ணை அடைகிறது. அந்தக் கைக்கு அறிவும் மதிப்பும் தராமல் மண்ணைக் காக்க முடியாது.

ஆலையிலிருந்து திரும்பிவரும் வெறுங்குலையும் அதே முக்கியத்துவம் உடையது. குலை எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் கூடுதலானது, பழம் உதிர்த்த பின் மிஞ்சும் இந்த நார்ச் சக்கை. ஒரு டன் வெறுங்குலையில் உள்ள சத்து சுமார் 7 கிலோ யூரியா, 2.8 கிலோ பாறைப் பாஸ்பேட், 19.3 கிலோ பொட்டாஷ் உரம், 4.4 கிலோ கீசரைட் எனும் மக்னீசிய உரம் ஆகியவற்றுக்கு ஈடு என்பது 1980களிலிருந்து வழங்கும் கணக்கு. ஹெக்டருக்கு 40 டன் பரப்பினால் பொட்டாஷ் உரம் மட்டும் 770 கிலோவுக்கு மேல் கிடைக்கிறது. மலேசியா பொட்டாஷ் முழுவதையும் இறக்குமதி செய்கிறது. 2022இல் உக்ரைன் போரையொட்டி அதன் விலை ஏறியபோது சிறுதோட்டக்காரர்கள் உரத்தைக் குறைத்தார்கள். அத்தகைய நாட்களில் வெறுங்குலை பெருந்துணை.

சத்தோடு அதன் பயன் முடிவதில்லை. இந்தோனேசியாவின் ரியாவ் மாகாணத் தோட்டத்தில் தாவோ முதலியோர் செய்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், வெறுங்குலை இட்ட மண்ணில் சிறு உயிரினங்களின் உணவுச் செயல்பாடு கூடியிருந்தது. மேலே ஈரப் போர்வை, உள்ளே உயிர்களுக்கு உணவு: வறட்சிக்கு இதைவிட மலிவான காப்பு தோட்டத்தில் இல்லை. புதுநடவின்போது பழைய மரங்களை எரிக்காமல் சீவிப் பரப்பும் முறையையும் கோல்டன் ஹோப் 1989 முதல் வளர்த்தெடுத்தது. வீழ்த்தும் தோப்பொன்றில் ஹெக்டருக்குச் சுமார் 85 டன் உலர் நார்ப்பொருள் நிலத்துக்கு மேல் நிற்கிறது. எரித்தால் புகையாகப் போவது, மட்கினால் மண்ணாகிறது. காண்டாமிருக வண்டு அதில் பெருகாதிருக்க மூடுபயிரை விரைவாகப் படரவிட வேண்டும் என்பது இந்த முறையின் தவிர்க்க முடியாத துணைப்பணி.

புட்டியில் வரும் உயிர்

உயிர் உரம் என்று சந்தையில் கிடைப்பவற்றை எப்படி எடைபோடுவது? நல்ல சான்றுகள் உள்ளன. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மெத்திலோபாக்டீரியத்தை வறட்சிக் காலத்தில் இலைவழித் தெளிக்கப் பரிந்துரைத்து உழவர்களிடம் சேர்த்திருக்கிறது. ரைசோபியத்தை அவரை விதையோடு கலப்பது உலகெங்கும் நிலைபெற்ற வழக்கம். எதிர்ச் சான்றும் உண்டு. ஆஸ்திரேலியா, ஐரோப்பா, வட அமெரிக்காவில் விற்பனையான வேர்ப்பூசணக் கலவைகளைச் சோதித்து 2022இல் வெளியான ஓர் ஆய்வில், அவற்றுள் பத்தில் எட்டுக்கும் மேற்பட்டவை வேரைப் பற்றவே இல்லை.

உயிருள்ள சரக்கு வெப்பத்தில் சாகும், காலத்தில் தேயும். மண்ணில் ஏற்கெனவே வாழும் கோடிக்கணக்கான உயிர்களோடு போட்டியிட்டு அது நிலைக்க வேண்டும். இந்தியா 2006இல் உயிர் உரங்களை உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் கொண்டுவந்து, குறைந்தபட்ச நுண்ணுயிர் எண்ணிக்கையை வரையறுத்தது. வாங்குபவர் எந்த இனம், எவ்வளவு எண்ணிக்கை, எந்தத் தேதிவரை என்று கேட்க வேண்டும். இம்மூன்றுக்கும் விடை இல்லாத புட்டியை மறுப்பதே நியாயம். நுண்ணுயிர் அடியோடு இல்லாத நாற்றுமேடைக் கலவைக்கும் மேல்மண் இழந்த நிலத்துக்கும் புதிதாகச் செலுத்துவது பொருளுடையது. வளமான தோப்பில் ஏற்கெனவே உள்ளதைப் பேணுவதே முதல் வேலை.

இது தோட்டத்துக்கு மட்டும் உரிய செய்தியும் இல்லை. உலு திராமைச் சுற்றிய தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகள். நிலம் சமப்படுத்தும்போது மேல்மண் போய், வெளிறிய அடிமண் வீட்டுமுன் மிஞ்சுகிறது. அங்கே மிளகாயும் முருங்கையும் நட்டு, வாடியதும் மூட்டை உரத்தைக் கூட்டுபவர்கள் பலர். சுண்ணாம்பால் அமிலத்தைத் தணித்து, மட்கு சேர்த்து, தரையைத் தழையால் மூடிய பிறகு இடும் உரமே அங்கும் பலன் தரும்.

செய்ய வேண்டியவை

எல் நினோ மீண்டும் வரும். வெள்ளமும் வரும். அவற்றுக்கு முன் செய்ய வேண்டியவை தெளிவாகவே தெரிகின்றன. இலைச் சோதனையோடு மண்ணின் மட்கு அளவையும் ஆண்டுதோறும் தொகுதிவாரியாகப் பதிய வேண்டும். எந்தத் தொகுதி தேய்கிறது என்பதை விளைச்சல் விழுவதற்கு முன்பே அது காட்டும். புதுநடவு ஒவ்வொன்றிலும் மூடுபயிர் பிடித்த பரப்பை, நட்ட கன்றுகளின் எண்ணிக்கைக்கு இணையான வெற்றிக் கணக்காகக் கொள்ள வேண்டும். வெறுங்குலை ஆலைக்கு அருகிலுள்ள தொகுதிகளுக்கே போய்ச்சேரும் நிலையை மாற்றி, மணல் மண்ணுக்கும் சரிவுகளுக்கும் முன்னுரிமை தர வேண்டும். ஆலைக்குக் குலை அனுப்பும் சிறுதோட்டக்காரருக்கு அதில் ஒரு பங்கு திரும்பிவர ஏற்பாடு வேண்டும். உரம் வீசுவதைக் கடைநிலை வேலையாக நடத்தாமல், பயிற்சியும் உரிய கூலியும் தரும் தொழிற்திறனாக ஏற்க வேண்டும்.

இவை எதற்கும் புதிய கண்டுபிடிப்பு தேவையில்லை. அகமுத்துவின் அளவீடு வெளிவந்து நாற்பது ஆண்டுகள் ஆகின்றன. இங்–தம்பு கணக்குக்கு அறுபது ஆண்டுகள் நெருங்குகின்றன. காம்பியர்க்காரர்களால் மண் தேய்ந்ததும் அடுத்த காட்டுக்கு நகர முடிந்தது. நமக்கு அடுத்த காடு இல்லை. இருக்கும் மண்ணைச் சத்தும் உயிரும் சேர்ந்த ஒரே உடலாக நடத்தும் தோட்டம் அடுத்த வறட்சியைத் தாங்கும். மூட்டைக் கணக்கை மட்டும் பார்க்கும் தோட்டம் ஈராண்டு கழித்து எடைமேடையில் விலை கொடுக்கும்.